பிற்கால வண்ணங்கள்

ஓவியர் ஒருவரின் இளமைக்காலப் படங்களில் அவருடைய திறமை தெரியும். பிற்காலப் படங்களில் துணிவு தெரியும்.

பிரான்ஸின் கிளாட் மோனேவுக்குக் கண்புரையால் நிறங்களே மாறித் தெரிந்தன. 1923இல், 82 வயதில், அறுவை சிகிச்சை செய்துகொண்டார். தம் தோட்டத்து அல்லிக்குளத்தைச் சுவரளவு ஓவியங்களாகத் தீட்டும் பணியை, 1926இல் மறையும் காலம்வரை விடவில்லை.

நம் கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் கோவையில் பிறந்தவர். நீர்வண்ணத்தில் இயற்கைக் காட்சிகளைத் தீட்டிப் பெயர் பெற்றவர். அந்தப் பெயரே போதும் என்று அவர் நின்றுவிடவில்லை. 1963இல், ஜாதகக் கட்டங்களும் எழுத்துப் போன்ற கோடுகளும் நிறைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற புதிய ஓவிய வரிசையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 52. சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியதும் அதன் பிறகுதான், 1966இல்.

ஒரு விடுமுறை நாளில் சென்னை ஈஞ்சம்பாக்கம் சென்று, சோழமண்டலத்தின் அருங்காட்சியகத்தைக் குடும்பத்தோடு பாருங்கள். ‘இந்த வயதில் இனி என்ன கற்பது?’ என்று கேட்கும் பெரியவர்களையும் கூட்டிச் செல்லுங்கள்.

பழகிய வேலை சோறு போடும். புதிதாகக் கற்பது மனத்துக்கு வயதாகாமல் காக்கும்.