அடிவாரத்துக் கை

2018 மார்ச் 11. போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ. தீக்காயம் பட்டவர்களைப் போர்வையில் டோலி கட்டிச் சரிவில் இறக்கினார்கள். முதலில் போடி, பிறகு தேனி, பிறகு மதுரை. பெரிய ஆஸ்பத்திரி எப்போதும் தூரத்தில்தான். உயிர் காக்கும் முதல் கை அடிவாரத்தில் இருக்க வேண்டும்.

அந்தக் கைக்கான பயிற்சி பிறந்த கதை இது. 1976-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் விமானம் விழுந்து மனைவியை இழந்தார் டாக்டர் ஜேம்ஸ் ஸ்டைனர். அங்கிருந்த சிற்றூர் ஆஸ்பத்திரியில், காயம்பட்ட தன் பிள்ளைகளுக்குக் கிடைத்த சிகிச்சை கண்டு நொந்தார். அந்த வேதனையில் பிறந்ததுதான் இன்றைய விபத்துச் சிகிச்சைப் பயிற்சி: முதலில் பீறிடும் ரத்தத்தை நிறுத்துவது, அடுத்து மூச்சுப்பாதை, பிறகு சுவாசம், அதன்பின் ரத்த ஓட்டம்.

ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போடிமெட்டு ஏறும் ஒவ்வொரு ஜீப்பும், கீழே டாக்டரும் நர்ஸும் 108 ஊழியரும் பழகிவைத்த அந்த வரிசையை நம்பித்தான் வளைவு திரும்புகிறது.