காத்திருப்பவருக்கு ஒரு நிழல்

கத்திரி வெயில் நாட்களில் சென்னை தி.நகரின் துணிக்கடைத் தெருக்களில் கார்கள் வரிசையாக நிற்கும். குடும்பம் உள்ளே முகூர்த்தப் புடவை பார்த்துக்கொண்டிருக்க, டிரைவர் ஏசியைப் போட்டுக்கொண்டு வண்டிக்குள் காத்திருப்பார். நிற்கும் வண்டியில் இன்ஜினை ஓடவிடலாமா என்ற கேள்வியை அந்த வெயிலில் வைத்துக் கேட்பதுதான் நியாயம். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து சிக்கனம் பேசுவது எளிது.

"என் காசு, என் பெட்ரோல்" என்ற வாதம் தாங்காது. ஏசியோடு நிற்கும் கார் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். பெரிய வண்டியானால் இன்னும் கூடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. பங்க்கில் கொடுத்த காசில் அடுத்தவர் மூச்சுக்கான விலை சேரவில்லை. நடைபாதையில் உட்கார்ந்து பூக்கட்டும் பெண்ணின் முகத்துக்கு வெகு அருகில்தான் சைலன்சரின் வாய் இருக்கிறது. காருக்குள்ளிருந்து ஏசி வெளியேற்றும் வெப்பமும் அவர் பக்கமே வருகிறது. அவரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

அப்படியானால் அணைத்துவிடச் சொல்லலாமா? வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெளியைவிட 20 டிகிரி வரை வெப்பம் ஏறக்கூடும். கண்ணாடியை இறக்கினாலும் அனல் போய்விடாது. முதலாளி குளிர்ந்த கடைக்குள் இருக்க, ஊர்க்காற்றைக் காக்கும் பாரத்தை டிரைவரின் உடம்பு மட்டும் சுமப்பது அறமாகாது. ஏசியிலேயே கண்ணயர்வதும் ஆபத்து: புகை உள்ளே கசிந்தால் கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாமல் உயிரை வாங்கிவிடும்.

ஹாங்காங் இந்தச் சிக்கலை உணர்ந்திருக்கிறது. நிற்கும் வண்டியின் இன்ஜின் 60 நிமிடத்தில் 3 நிமிடத்துக்கு மேல் ஓடினால் அபராதம் என்று 2011-இல் அங்கே சட்டம் வந்தது. ஆனால் கடும் வெப்ப எச்சரிக்கை அமலில் உள்ள நாட்களில் விலக்கு உண்டு. காத்திருப்பவரும் மனிதர் என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது. பூக்கட்டும் பெண்ணுக்கோ அந்த விலக்கால் பயனில்லை.

இருவரையும் காப்பாற்றும் வழி வண்டிக்கு வெளியேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்களுக்கு இருக்கை தருவது கட்டாயமாயிற்று. நாளெல்லாம் நின்றே வேலை செய்த கால்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! வாசலில் காத்திருக்கும் டிரைவர் அந்தக் கணக்கில் வரவில்லை. லட்சக்கணக்கில் வியாபாரம் நடக்கும் கட்டடத்தில் ஒரு பெஞ்ச், ஒரு மின்விசிறி, குடிதண்ணீர், கழிப்பறை ஆகியவற்றுக்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. அதைச் செய்துகொடுத்த பிறகே சாவியைத் திருப்பச் சொல்லும் உரிமை வருகிறது.

அதுவரை இன்ஜினை ஓடவிடலாம் என்ற இந்தச் சலுகை எல்லோருக்கும் பொருந்தாது. சாயங்காலம் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தும் பெற்றோர் இறங்கி மரத்தடியில் நிற்கலாம். அடிக்கடி ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் அதிகம் போகும் என்பது இன்றைய இன்ஜின்களுக்குப் பொருந்தாது; பத்து விநாடிக்கு மேல் நிற்பதானால் அணைப்பதே மிச்சம். தான் திரும்பும்போது சீட் சுடக்கூடாது என்று கால்மணி முன்பே ஏசியைப் போட்டுவைக்கச் சொல்லும் முதலாளிக்கு எந்த நியாயமும் இல்லை. அந்தக் கால்மணியில் குளிர்வது ஆளில்லாத பின்சீட்.