பொறுமை என்றால் மௌனமா?



துக்க வீட்டுக்குப் போனால் நாம் சொல்லும் ஆறுதல், "எல்லாம் விதி, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்பதுதான். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால், மனிதர் செய்த தவறால் உயிர் போன வீட்டில் அப்படிச் சொல்வது தர்மமாகுமா?

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் போபால் நகரத்துப் பூச்சிமருந்து ஆலையிலிருந்து சுமார் 40 டன் நச்சுவாயு கசிந்தது. ஆலையை அடுத்த குடிசைகளில் உறங்கிய ஏழைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். தொட்டியைக் குளிரவைக்கும் இயந்திரம் பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்து அழிக்கும் கோபுரமும் பழுதுபார்ப்பதற்காகக் குழாய் கழற்றப்பட்டுக் கிடந்தது. இதை விதி என்று சொன்னால், குற்றம் செய்தவரைக் காப்பாற்றி, இழந்தவரின் வாயை அடைத்தவர்களாவோம்.

1989இல் 47 கோடி டாலர் இழப்பீட்டோடு வழக்கை முடித்தார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களை யாரும் கேட்கவில்லை.

அந்த ஊரில் ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா என்று இரண்டு தாய்மார். ஒருவர் இஸ்லாமியர், மற்றவர் இந்து. இருவர் வீட்டையும் அந்த வாயு சீரழித்தது. பிழைப்புக்காகச் சென்ற வேலைத்தலத்தில் சந்தித்து உடன்பிறந்தார் போலானார்கள். மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, நீதி கேட்டு டெல்லிவரை நடந்தார்கள். 2004இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. அந்தப் பணத்தைக் கொண்டு, நச்சுவாயு பாதித்த குடும்பங்களில் ஊனத்தோடு பிறக்கும் பிள்ளைகளுக்குச் சிகிச்சை தர 'சிங்காரி' அறக்கட்டளையைத் தொடங்கினார்கள்.

அவர்கள் துக்கம் தீர்ந்துவிடவில்லை. அது பிறர் பிள்ளைகளைத் தாங்கும் கையாக மாறியது.

நம் அய்யா சிங்காரத்தோப்புச் சிறையில் எல்லா வேதனையும் பொறுத்தார். யாரையும் திருப்பி அடிக்கச் சொல்லவில்லை. ஆனால், தாம் சொல்ல வந்ததைச் சொல்லாமலும் விடவில்லை. பழிவாங்காதிருப்பதே பொறுமை. நியாயம் கேளாதிருப்பது பொறுமை அல்ல.

காரியம் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். மனுவும் கையுமாக அலுவலகப் படியேறும் விதவைக்குத் துணைபோக ஆள் இருக்காது. தகப்பனை இழந்த பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவும் ஆள் இருக்காது. நாம் போகவேண்டிய நேரம் அதுவே. அடுத்தமுறை துக்க வீட்டுக்குச் செல்லும்போது விதியைப் பற்றிப் பேசவேண்டாம். "நாளை எங்கே போகவேண்டும், நானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள்.

அய்யா உண்டு.