படித்தவையும் படிக்காததும்

ஆண்டு முடிவில் படித்த நூல்களைக் குறித்துவைப்பதும், நண்பர்களுக்குள் 'இதைப் படி' என்பதும் நம் வட்டத்தில் பழகிப்போன காரியங்கள். முதலாவது கணக்கு, மற்றது தலையீடு.

உ.வே.சாமிநாதையர் வாழ்வில் இவ்விரண்டும் மோதின. அரியலூரில் சடகோபையங்கார் ஊட்டிய தமிழ்ச்சுவை, குன்னத்தில் திருவிளையாடல், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை, 1871 முதல் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள். இப்படிச் சேர்ந்த பட்டியலை 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரிடம் அவர் ஒப்பித்தார். இவற்றால் ஆவதென்ன என்ற தோரணையில் கேட்ட முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றார்.

இதைக் காட்டிப் பட்டியலையே இகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. செங்கணத்து யாப்பு காதில் ஏறியிராவிட்டால் 1887இல் சிந்தாமணிப் பதிப்பு ஏது? முதலியாரின் கேள்வி முரட்டுத்தனமானது, ஆனால் யோக்கியமானது. கரைத்துக் குடித்துவிட்டு அவர் சிபாரிசு செய்யவில்லை. பாடம் கேட்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். நம் சிபாரிசுகளில் இந்தப் பசி அபூர்வம். நண்பரின் பட்டியலுக்குத் தலையாட்டுகிறோம், அவரும் நம்முடையதற்கு ஆட்டுவார் என்பதால்.

முதலியார் கைப்பிரதியைக் கொடுத்தார். உடன் உட்கார்ந்து படித்தார். ஜைன மரபு தெரியாமல் பொருள் பிடிபடாத இடங்கள் வந்தபோது, ஐயர் அவ்வூர்ச் சமணர்களிடம் கேட்கப் போனார்.