வரைந்தவர் யார்?

கீழக்கரை இளைஞர் இருவர் அண்மையில் நம்மிடம் ஒரு வழக்கைக் கொண்டுவந்தனர். முத்துக்குளித்து வாழ்ந்த முன்னோரைப் பற்றிச் சிறுவர்க்குரிய படக்கதையொன்றைக் கணினியில் உருவாக்க முனைந்தவர்கள் அவர்கள். ஒருவர் பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் ஒரே ஒரு வத்தையை உருவாக்க மூன்று வாரங்களைச் செலவிட்டார். மற்றவரோ செயற்கை நுண்ணறிவுக்குச் சில வரிகள் எழுதிக்கொடுத்து, ஓரிரவில் பன்னிரண்டு பக்கங்களை முடித்துவிட்டார். "இரண்டும் கணினி தீட்டியவைதாமே! இதில் நேர்மை பற்றிய பேச்சு எங்கிருந்து வந்தது?" என்பது பின்னவர் கேள்வி. (உருவப்படம் பற்றிய மார்க்கச் சட்ட ஆய்வு ஆலிம் பெருமக்களுக்குரியது; அதில் நாம் புகவில்லை.)

கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. பிளெண்டரிலும் ஒளியையும் நிழலையும் கணக்கிட்டுத் தீட்டுவது கணினியே. டாஸ் ஸ்டூடியோ போன்றவற்றிலோ மனித உருவங்களையே ஆயத்தமாக விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். மைக் சேன்ஸ் 'ஷாட்டர்' என்னும் படக்கதையை மெக்கின்டாஷ் கணினியில் வரைந்தது 1985ஆம் ஆண்டில். உழைப்புக் குறைவதே குற்றமென்றால் அச்சுப்பொறியையும் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும்.

ஆனால் விலைக்கு வாங்கிய உருவத்தை ஆக்கியவர், விலை பெற்று இசைவு தந்தவர். செயற்கை நுண்ணறிவோ கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியது. அவற்றை வரைந்தோருள் மிகப் பெரும்பாலோரிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. 2023 ஜனவரியில் அமெரிக்க ஓவியர் சிலர் நீதிமன்றம் ஏறியதும் இதன் பொருட்டே. பிறர் ஹக் என்பது பணத்தில் மட்டுமா அடங்கியிருக்கிறது?

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளியிட்ட இரும்புக்கை மாயாவியை நம்மில் எத்தனை பேர் பாடநூலுக்குள் ஒளித்துவைத்துப் படித்தோம்! அதைத் தீட்டியவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானியர் என்பதை அன்று நாம் அறியோம், அறிய முயலவுமில்லை. ஆகவே இளைஞரை மட்டும் கடிந்துகொள்ள நமக்குத் தகுதி குறைவு. எனினும் அந்தக் கோடுகளுக்குப் பின்னே ஒரு மனிதர் இருந்தார், தேடினால் கிடைத்தார்.

சட்டம் இதில் ஒரே குரலில் பேசவில்லை. கிறிஸ்டினா கஷ்டனோவா, மிட்ஜர்னியின் துணையோடு உருவாக்கிய 'ஸாரியா ஆஃப் தி டான்' என்னும் படக்கதையை 2023 பிப்ரவரியில் ஆய்ந்த அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், எழுத்தும் பக்க அமைப்பும் அவருடையவை, படங்கள் அவருடையவை ஆகா என்று பிரித்துவிட்டது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுச் சட்டமோ, கணினி ஆக்கிய படைப்பு உருவாகக் காரணமானவரையே அதன் ஆசிரியர் என்கிறது. காரணமானவர் என்பதாலேயே ஒருவர் வரைந்தவராகிவிடுவாரா?

அந்தப் பன்னிரண்டு பக்கங்களையும் பார்த்தோம். அழகில் குறையில்லை. ஆயினும் கடலுள் இறங்கும் மனிதரின் காலடியில் கல் இல்லை. இடுப்பிலிருந்து மேலேறிய கயிறு படகை எட்டாமலே அலையில் கரைந்துவிட்டது. மறுமுனையைப் பற்றி நிற்க ஆளே இல்லை. அந்தக் கயிற்றை நம்பித்தானே ஓர் உயிர் கீழே மூச்சடக்கியிருந்தது! "ஏன் இப்படி?" என்று கேட்டோம். "அதுவாக வந்தது" என்றார். வத்தையைச் செய்தவரிடமும் பிழை இருந்தது. பலகை தவறான பக்கம் நீண்டிருந்தது. ஆனால் அவர் அதற்குக் காரணம் சொன்னார், வெட்கப்பட்டார், திருத்தினார்.

ஓவியருக்குக் கூலி கொடுக்க வசதியற்ற இளைஞருக்கு இந்தப் புதுக் கருவி பெரும் வாய்ப்பு என்பதையும் நாம் மறக்கவில்லை. வானத்துக்கும் அலைக்கும் அதைப் பயன்படுத்துக. பயன்படுத்தியதை முதற்பக்கத்திலேயே வாசகருக்குச் சொல்லிவிடுக. முன்னோரின் உடலையும் தொழிலையும் மட்டும் அதன் பொறுப்பில் விடாதீர் என்றோம். பின்னவர் சற்று நேரம் வாதாடினார், பிறகு இசைந்தார்.

நம் கரையில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. கயிறு பிடித்த விதத்தை அறிய, சங்கு குளித்து ஓய்ந்த பெரியவர் ஒருவரைத் தேடி இருவரும் இப்போது மாலைதோறும் கடற்கரைக்குப் போய்வருகின்றனர். அந்த ஒரு பக்கம் இன்னும் முடியவில்லை.