காவல் முடிந்த நாய்

எட்டு வருடங்களுக்கு முன்னர் எமது வட்டையில் காட்டுப்பன்றிகளின் தொல்லை மிகுந்தபோது, விலங்குக் காப்பகமொன்றிலிருந்து ஒரு நாயைப் பொறுப்பேற்றேன். பள்ளிக்கூட மாஸ்டர் நாய் வளர்க்கிறாராம் என்று ஊரில் கதை பரவிற்று. உம்மா கேட்டது ஒன்றுதான்: "நாய் இரிக்கிற ஊட்டுக்கு மலக்குமார் வருவாங்களா மனே?"

அது வீட்டுக்கு வராது, வயல் வாடியில்தான் நிற்கும் என்றேன். வேட்டைக்கும் மந்தைக்கும் பயிர்க் காவலுக்கும் நாய் வைத்திருக்க ஹதீஸில் அனுமதி உண்டு. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கொண்டு, கழுவ வேண்டும். மாலிகி மத்ஹபிலோ உயிருள்ள நாய் சுத்தமானது. இவை சுத்தம் பற்றிய சட்டங்கள். நாயைக் கண்டதும் கல்லெடுக்க இவற்றில் ஆதாரமில்லை என்று வகுப்பில் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

2006இல் தெருநாய்களைக் கொல்வதை அரசு கைவிட்ட பின்னர், கருத்தடையும் விசர்நாய்க்கடித் தடுப்பூசியுமே வழியாயின. காப்பகத்து நாய்களுக்கு இரண்டும் செய்யப்பட்டிருந்தன. இளம் நாயாக, நன்கு குரைப்பதாகப் பார்த்துத் தரும்படி கேட்டேன். படிவத்தை நிரப்புகையில் அங்கு பணிபுரிந்த சிங்களப் பெண்மணி கேட்டார்: "சேர், இது கிழடாப் போனா என்ன செய்றது?"

எனக்குப் பதில் வரவில்லை. நாய் வைத்திருக்கலாமா என்று மௌலவியிடம் கேட்டிருந்தேன். தேவை முடியும் நாளைப் பற்றி எவரிடமும் கேட்கவில்லை.

அந்த நாள் கடந்த பெரும்போகத்தில் வந்தது. நாய்க்குக் காது மந்தம், பின்னங்கால் இழுபடுகிறது. பன்றிகள் வரம்பைக் கிளறிவிட்டுப் போகும்வரை உறங்குகிறது. "சந்தைப் பக்கம் கொண்டு உட்டுட்டு வாங்க சேர், ஆரும் சோறு போடுவாங்க" என்றார் முல்லைக்காரர்.

தேவைக்கு மட்டுமே அனுமதி என்றால், தேவை முடிந்ததும் விட்டுவிடுவதுதானே முறை? சில இரவுகள் நானும் அப்படித்தான் வாதிட்டேன்.

ஒரு பெண் பூனையை அடைத்துவைத்தாள். உணவும் கொடுக்கவில்லை, அது தானாக இரை தேடவும் விடவில்லை. அதனால் தண்டிக்கப்பட்டாள். அவளது குற்றம் பூனை வைத்திருந்ததல்ல. அதன் வழியை அடைத்துவிட்டுத் தானும் அதற்கு வழியாகாமல் இருந்தது. எட்டு வருடம் என் கையால் உண்ட நாய்க்குச் சந்தையில் இரை பொறுக்கத் தெரியாது. அதன் வழியை அடைத்தவன் நான். கிணற்றில் இறங்கி, பாதணியில் நீர் மொண்டு, தாகித்த நாய்க்குப் புகட்டியவருக்கோ மன்னிப்புக் கிடைத்தது. அந்த நாய் அவருடைய எதையும் காவல் காத்திருக்கவில்லை.

தேவை, நாயைக் கொண்டுவருவதற்கான காரணம். கொண்டுவந்த பின் அது அமானிதம். அமானிதத்துக்குப் போகக் கணக்கு இல்லை.

குகைத் தோழர்கள் எத்தனை பேர் என்பதில் மனிதர் முரண்பட்டதைச் சூரா கஹ்ஃப் கூறுகிறது. மூவரென்றாலும் ஐவரென்றாலும் எழுவரென்றாலும் அவர்களோடு நாயும் எண்ணப்படுகிறது. எந்தக் கணக்கிலும் அது விடுபடவில்லை.

காவலுக்கு அதே காப்பகத்திலிருந்து இன்னொரு நாய் வந்திருக்கிறது. பழையது வாடியில் கிடக்கிறது. சுபஹ் தொழுதுவிட்டு நான் வயலுக்குப் புறப்படுகையில் உம்மா சோற்றுப் பொதியை நீட்டுகிறார்.

"கிழட்டு நாய்க்கு மீன்ட முள்ளெடுத்து வெச்சிரிக்கன் மனே."