இடமிருந்து வலம் இறங்கும் வெட்டு

பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், போடும் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து இறங்கும். மரத்தைப் பார்த்து நிற்பவரின் இடமும் வலமும். பட்டைக்குள் பால் ஓடும் நாளங்கள் நேர் செங்குத்தாக நிற்பதில்லை. கீழே இடப்பக்கமிருந்து மேலே வலப்பக்கம் நோக்கிச் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. எதிர்ச் சரிவில் வெட்டினால்தான் அதிக நாளங்கள் திறக்கும். மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு, ஏறக்குறைய 30 பாகைச் சரிவு. உளி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை சீராக வளராது. மேலோட்டமாகப் போனால் பால் வராது. அம்மா விடிவதற்கு முன்பே, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், நிரை நிரையாக இந்தச் சரிவைப் போட்டுக்கொண்டே போவார்.

படப்புத்தகத்தில் அதை வரைய ஒரே ஒரு கோடு போதும். தூரிகை நுனியால் ஒரு இழுப்பு. அந்த இழுப்புக்கு முன் நான் எப்போதும் சற்று நிற்கிறேன்.

*

ஒரு பயிற்சி நூலுக்காகப் பால் வெட்டும் பெண்ணை வரைந்து கொடுத்தேன். அச்சில் வந்தபோது அவள் இடக்கையால் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எழுத்துக்கு இடம் போதவில்லை என்று யாரோ படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டார்கள். கணினியில் ஒரு விநாடி வேலை. மரத்தின் வெட்டும் கூடவே திரும்பிவிட்டது.

சுங்கை சிப்புட் பக்கம் ஆயுள் முழுக்கப் பால் வெட்டிய பாட்டி ஒருவர் இப்போது ஈப்போவில், புந்தோங்கில் மகன் வீட்டில் இருக்கிறார். அவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"யாரும்மா இந்த மரத்த இப்படி வெட்டுனது? கங்காணி பார்த்தா இன்னைக்குப் பேரு கெடையாது."

படத்தில் இருந்த பெண்ணின் முகத்தையோ சேலையையோ அவர் பார்க்கவில்லை. வெட்டைத்தான் பார்த்தார். பிறகு பால் பிடிக்கும் மங்கைப் பார்த்தார், பால் இறங்கும் தகரத்தைப் பார்த்தார். "மங்கு சரியா இருக்கு" என்றார்.

படத்தைத் திருப்பியவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அதில் தெரிந்துகொள்ள ஏதோ இருக்கிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அந்த நூல் வகுப்புகளுக்குள் போயிருக்கிறது. பால்மரத்தையே பார்த்திராத பிள்ளைகள் அந்தப் படத்தைத்தான் பால்மரம் என்று மனத்தில் வைத்துக்கொள்வார்கள். அதுதான் எனக்கு வலிக்கிறது.

*

மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவைப் படம் வரையும் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது நிதானமாகப் படிக்க வேண்டும். வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், படத்தை வரையச் சொன்னவருக்கே அதன் பதிப்புரிமை போய்ச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும். பிரிட்டனில் நிலைமை வேறு. எழுதிக் கொடுக்காதவரை உரிமை வரைந்தவரிடமே இருக்கும்.

நமக்கு வேலை எப்படி வருகிறது? வாட்ஸ்அப்பில், "ஒரு படத்துக்கு எவ்வளவு?" என்ற ஒற்றை வரியில். தொகையை எழுதி அனுப்புகிறோம். சரி என்கிறார்கள். ஒப்பந்தம் என்ற பேச்சே எழுவதில்லை. அந்தப் படம் அடுத்த பதிப்பிலும், வேறொரு நூலின் அட்டையிலும், கண்காட்சிப் பதாகையிலும் வரலாம். நாம் கேட்க முடியாது.

அதே சட்டத்தின் 25-ஆவது பிரிவு வரைந்தவருக்கு இரண்டை விட்டுவைத்திருக்கிறது. படத்தோடு தன் பெயர் வர வேண்டும் என்று கேட்கலாம். படைப்பைச் சிதைத்து, அதனால் தன் மதிப்புக்குக் குறை வரும்படி செய்தால் எதிர்க்கலாம். பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறவர்கள் இந்த இரண்டையாவது கேட்கப் பழகலாம். பெயர் கேட்பதற்கே கூச்சப்படுகிற தம்பி தங்கைகளை நான் பார்க்கிறேன். அட்டையில் எழுத்தாளர் பெயர் இருக்கிறது, பதிப்பகத்தின் பெயர் இருக்கிறது, அச்சகத்தின் தொலைபேசி எண்கூட உள்ளே இருக்கிறது.

*

ஒரு கணக்கு. குழந்தைப் படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். அச்சுத் தாளை மடிக்கும்போது அப்படித்தான் அமைகிறது. அதில் பதினான்கு விரிபக்கங்களாவது படம் கேட்கும். பென்சிலில் முன்வரைவு, திருத்தம், வண்ணம் எல்லாம் சேர்த்து இரண்டு மாதம் என்று வைப்போம். தமிழில் 1,000 பிரதி அச்சிட்டு, ஒன்று 15 ரிங்கிட் என்று எல்லாமே விற்றாலும் மொத்தம் 15,000 ரிங்கிட். பத்து விழுக்காடு உரிமத்தொகையை எழுத்தாளரும் ஓவியரும் பாதி பாதியாகப் பிரித்தால் ஓவியருக்கு 750 ரிங்கிட். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025-இல் 1,700 ரிங்கிட் ஆனது.

பதிப்பாளரைக் குற்றம் சொல்லி இந்தக் கணக்கை முடிக்க முடியாது. அவருக்கும் மிஞ்சுவது அதிகமில்லை. நாடு முழுக்கத் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் சுமார் 80,000 பேர். மாநிலங்களில் அதிகத் தமிழ்ப்பள்ளிகள் இருப்பது எங்கள் பேராக்கில்தான். இங்கும் பல பள்ளிகளில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. பத்திரிகைகளின் கதையும் அப்படித்தான். தமிழ் நேசன் நாளிதழ் 1924-இல் தொடங்கியது. 2019 ஜனவரி 31-ஆம் தேதியோடு நின்றது. சின்னப் படம் ஒன்றை அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை தன் பெயரைத் தேடிப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அதன் அர்த்தம் தெரியும்.

*

கேலிச்சித்திரக்காரர் லாட்டைப் பற்றி அடிக்கடி நினைக்கிறேன். முகம்மது நோர் காலிட். 1951-இல் கோப்பெங் பக்கத்துக் கம்பத்தில் பிறந்தவர். குடும்பம் ஈப்போவுக்கு வந்தபின் அண்டர்சன் பள்ளியில் படித்தவர். 1964-இல், பதின்மூன்று வயதில், தபாலில் அனுப்பிய சித்திரக்கதை நூலாக வந்தது. கிடைத்தது 25 வெள்ளி. 1968 முதல் பெரித்தா மிங்குவில் வாராவாரம் சித்திரத்தொடர். பள்ளி முடித்துக் கோலாலம்பூரில் ஓவியர் வேலை கேட்டுப் போனார். ஓவியருக்கு இடம் இல்லை என்றார்கள். பத்திரிகை ஆசிரியர் அப்துல் சமாட் இஸ்மாயில் குற்றச்செய்தி நிருபர் வேலை கொடுத்தார். அப்பா நோயில் கிடந்தார், வீட்டில் பணம் இல்லை, ஏற்றுக்கொண்டார். பகலெல்லாம் காவல் நிலையமும் பிணவறையும் பார்த்தபடி படம் வரைந்த இளைஞர் அவர்.

1974-இல் ஏஷியா மேகசினில் மலாய்ச் சிறுவர்களின் சுன்னத்துச் சடங்கைப் பற்றி அவர் வரைந்த பக்கங்கள் வந்தன. அதன்பிறகுதான் சமாட் அவரை முழுநேரமும் வரைய வைத்தார். அவருடைய கம்போங் போய் நூல் 1979-இல் வெளிவந்தது. முதல் அச்சு நான்கே மாதத்தில் தீர்ந்தது. அடுத்து வந்த டவுன் போய் நூலில் எங்கள் ஈப்போ இருக்கிறது.

இதைப் பொறுமையின் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் கண்ணில் படுவது வேறு. முதல் 25 வெள்ளிக்கும் கம்போங் போய்க்கும் இடையே பதினைந்து ஆண்டுகள். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் பெரும்பகுதியும் அவர் பக்கத்தில் ஒரு பத்திரிகை இருந்தது, வாரம் தவறாத ஓர் இடம் இருந்தது, உள்ளூர்ப் படத்தின் விலை தெரிந்த ஓர் ஆசிரியர் இருந்தார், அந்த மொழியில் ஒரு நாடே வாசித்தது. அவருடைய கம்பத்தை ஈயச் சுரங்கக் கப்பல் நெருங்கி வந்ததை அவர் மறக்கும் முன்பே வரைய முடிந்தது. அந்த நூலைத் திறக்கும்போதெல்லாம் மகிழ்ச்சியோடு ஓர் ஏக்கமும் வருகிறது. அதே பேராக்கில், அதே காலத்தில், சில மைல் தள்ளித் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளையின் காலைப்பொழுது அப்படி வரையப்படவில்லை. எழுதப்பட்டிருக்கிறது. அகிலன் தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டு பால்மரக் காட்டினிலே எழுதினார். இங்குள்ளவர்கள் தோட்டத்தைக் கதைகளிலும் நாவல்களிலும் நிறையவே சொல்லியிருக்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை விரல் வைத்துப் பார்க்கும்படி யாரும் வரைந்து வைத்ததாக என் கண்ணில் படவில்லை.

*

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கு அம்புலிமாமா வரும். வாத்தியார் ஈப்போவுக்குப் போனால் வாங்கி வருவார். தோளில் பிணத்தோடு வாளேந்தி நடக்கும் விக்கிரமனை வரைந்த சங்கரைப் பிற்பாடுதான் அறிந்தேன். 1924-இல் பிறந்தவர், ஐம்பதுகளின் தொடக்கத்தில், அம்புலிமாமாவை வெளியிட்ட சந்தமாமா நிறுவனத்தில் சேர்ந்து அறுபது ஆண்டுகள் போல அங்கேயே வரைந்தார். 2020-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவருடைய கோடுகளைவிட இப்போது என்னை நிறுத்துவது அவர் மாதச் சம்பளம் வாங்கிய ஓவியர் என்பது. சென்னையில் ஒரு சிறுவர் பத்திரிகை ஓவியர்களை வேலைக்கு வைத்து, மேசை கொடுத்து, மாதாமாதம் சம்பளம் கொடுத்தது. அதனால் ஒரு மனிதரால் அறுபது ஆண்டு அதே மேசையில் உட்கார முடிந்தது.

*

2014-இல் சுவரோவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் ஈப்போ பழைய நகரத்துச் சுவர்களில் வரைந்த பின் இங்கே சுவரோவியம் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஒரு காப்பிக்கடைச் சுவர் ஒரு புத்தகத்தைவிட அதிகமாகக் கொடுக்கிறது. நானும் வரைகிறேன். வாடகை அதில்தான் போகிறது.

*

ஈப்போவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஓவியப் பட்டறை. மலை வரையுங்கள் என்றேன். அத்தனை தாளிலும் இரண்டு முக்கோணம், நடுவில் அரைச் சூரியன், கீழே வளைந்து வரும் ஆறு. சன்னலுக்கு வெளியே ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள் நிற்கின்றன: செங்குத்தான பக்கங்கள், வெட்டுப்பட்ட இடத்தில் வெள்ளை, உச்சியில் காடு, அடியில் குகை. தைப்பூசத்துக்கு இந்தப் பிள்ளைகள் எல்லாரும் கல்லுமலைக் கோயிலுக்குப் போகிறவர்கள்தான்.

"அந்த மலைய வரையலாமே?" என்றேன்.

"டீச்சர், மலைன்னா இப்படித்தான் டீச்சர் வரையணும்" என்றாள் ஒரு பெண்.

அவர்களை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ப் பேசாமல் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் தள்ளுமுள்ளு, சிரிப்பு, பிறகு அமைதி. "பல்லு மாதிரி இருக்கு டீச்சர்" என்றான் ஒரு பையன். உள்ளே வந்து கடைவாய்ப் பல்லைப் போல ஒரு குன்றை வரைந்தான். அதன் தலையில் புல்லும் மரமும். அன்று நான் பார்த்த மிகச் சிறந்த படம் அது. புத்தகங்களில் முக்கோணத்தையே பார்த்து வளர்ந்த பிள்ளை, தன் சன்னலை நம்ப யாராவது அனுமதி தர வேண்டியிருக்கிறது.

*

விடியலுக்கு முன் ரப்பர் காட்டில் ஒரு தமிழ்ப் பெண்ணின் முகம் என்ன நிறம்? பர்ண்ட் சியன்னாவில் அல்ட்ராமரீன் நீலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் இருட்டின் பக்கம் கிடைக்கிறது. நெற்றி விளக்கு மரத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கன்ன எலும்பிலும் மூக்கின் பக்கத்திலும் மட்டும் விழும். அங்கே மெல்லிய மஞ்சளை முதலிலேயே பூசிக் காயவிட வேண்டும். பின்னால் போட முடியாது, நீர்வண்ணம் மன்னிக்காது. கறுப்பு வண்ணத்தைத் தொடுவதே இல்லை. அது முகத்தைச் செத்துப்போகச் செய்யும். நன்றாக அமைந்த நாளில் அந்த முகம் உள்ளிருந்து ஒளிர்கிறது.

"கொஞ்சம் வெளுப்பாப் போடுங்களேன், பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முடியாது என்கிறேன். சில வேலைகள் அதனால் போயிருக்கின்றன. போகட்டும்.

*

1877-இல் சிங்கப்பூரிலிருந்து ஒன்பது ரப்பர் கன்றுகள் கோல கங்சாருக்கு வந்தன. அவற்றில் ஒன்று இன்னும் அங்கே சாலையோரம் வேலிக்குள் நிற்கிறது. சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பின் வந்த காடுகள்தாம் பெரும்பாலும் இல்லை. மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், லயங்களை இடித்தார்கள், சனங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். சில பள்ளிகள் மட்டும் தோட்டத்தின் பெயரைப் பலகையில் சுமந்துகொண்டு வேறிடத்தில் நடக்கின்றன.

காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்றவர்கள், மங்கு துடைக்கப் போய்ப் பள்ளிக்குத் தாமதமானவர்கள், ஒட்டுப்பால் உருண்டையைப் பந்தாக்கி விளையாடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். என் வயதுக்காரர்கள்தாம் கடைசி. இதை வரையும் ஒருவர் ஐந்தாறு ஆண்டு காப்பிக்கடைச் சுவர்களிலேயே காலத்தைக் கழித்தால், அந்த ஐந்தாறு ஆண்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள இருந்தவர்களும் போய்விடுவார்கள். பிழைப்பு, வாய்ப்பு என்று நாங்கள் பேசுவதற்குள் இந்தக் கவலையும் இருக்கிறது.

*

இப்போது மேசைமேல் இருப்பது ஆயக்கொட்டகை பற்றிய புத்தகம். தாய்மார் மரம் வெட்டப் போனபின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாவின் ஒரு நாள். பதிப்பாளரிடம் ஒப்பந்தம் கேட்டிருக்கிறேன்: உரிமை என்னிடம், அட்டையில் பெயர், என்னைக் கேட்காமல் படத்தைத் திருப்பவோ வெட்டவோ கூடாது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். ஒத்துவராவிட்டால் ஈப்போவிலேயே சிறிய அளவில் அச்சிட்டு, பள்ளிப் பெற்றோர் கூட்டங்களுக்குத் தூக்கிக்கொண்டு போவேன்.

ஆறாவது விரிபக்கத்தில் நிற்கிறேன். தொட்டில்களை எதில் கட்டினார்கள்? கூரை உத்தரத்திலா, குறுக்கே போட்ட மூங்கிலிலா? பால் டின்களை எங்கே அடுக்கினார்கள்? ஆயாவுக்குத் தனி நாற்காலி இருந்ததா? புந்தோங் பாட்டிக்கு அவர் தோட்டத்து ஆயாவின் மகளைத் தெரியுமாம்; இப்போது தைப்பிங்கில் இருக்கிறாராம். சனிக்கிழமை போனால் வீட்டில் இருப்பார் என்றார்.